இணைப்புத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களிப்பது? மும்பைக் கூட்டுறவு வங்கிகளும் நம்மவர்களும்

லேபர் கேம்ப் அண்ணாச்சி:

மாட்டுங்கா லேபர் கேம்ப், தாராவி, சயான் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் சிறிய கூட்டுறவு வங்கி ஒன்றைப் பெரிய கூட்டுறவு வங்கியோடு இணைப்பதற்கான தீர்மானத்தைச் சிறப்புப் பொதுக்குழுவில் வைக்கப்போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. வங்கியின் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. பெயர் வெளியே வந்தால் மறுநாள் காலையிலேயே பணம் எடுக்க வரிசை நின்றுவிடும். நன்றாக நடக்கிற வங்கியையும் அந்த வரிசை சாய்த்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த மறுமாதமே நான் அங்கே பங்கு வாங்கியவன். தங்கையின் கல்யாணத்துக்குக் கடன் கேட்டு அலைந்தபோது, பெரிய வங்கிகள் சம்பளச் சான்றோடு வீட்டுப் பத்திரமும் கேட்டன. சால் எனும் வரிசைக் குடியிருப்பில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தவனிடம் ஏது பத்திரம்? இந்த வங்கியில் இரண்டு ஜாமீன்தாரர்களின் கையெழுத்து போதுமானதாக இருந்தது. ஒருவர் நாங்குநேரிப் பக்கத்து ஊர்க்காரர், மற்றவர் எதிர்வீட்டு மராட்டியர். நான் ஒரு தவணை தவறியபோது வங்கியிலிருந்து கடிதம் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர்தான் கதவைத் தட்டி, 'வீட்டில் ஏதும் கஷ்டமா?' என்று கேட்டார். அடுத்த வாரமே கட்டிவிட்டேன்.

இணைப்பு வேண்டாம் என்றுதான் மனம் சொல்கிறது. ஆனால் கடைசியாக நான் பொதுக்குழுவுக்குப் போனது எந்த ஆண்டு என்று யோசித்துப் பார்த்தால் நினைவுக்கு வரவில்லை. அப்படிப்பட்டவனுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்ல என்ன உரிமை இருக்கிறது என்பதும் சேர்ந்தே உறுத்துகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

முலுண்டு தணிக்கையர் (ஓய்வு):

அந்த எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார் பாருங்கள், கூட்டுறவுக் கடன் என்பதே அதுதான் அண்ணாச்சி. பத்திரத்துக்குப் பதிலாகப் பழக்கத்தை ஈடாக வைத்துக்கொள்வது. ஜெர்மனியின் கிராமங்களில் ரைஃபைசனும் சிறுநகரங்களில் ஷுல்ட்ஸ்-டெலிட்ச்சும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இதைத்தான் செய்து காட்டினார்கள். அந்த முறை இங்கே பொருந்துமா என்று ஆராய சென்னை மாகாண அரசு ஃபிரடெரிக் நிக்கல்சனை அமர்த்தியது. அவருடைய அறிக்கை 1895லும் 1897லும் இரண்டு பகுதிகளாக வந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது.

கூட்டுறவு வங்கி என்றாலே மராட்டிய, குஜராத்தி மண்ணின் சரக்கு என்று இங்குள்ள தமிழர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின்கீழ் நாட்டிலேயே முதன்முதலாகப் பதிவான நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில், 1904 அக்டோபரில் பதிவானது. தார்வார் மாவட்டத்தின் பெடகேரி 1905 அக்டோபரிலும், பெங்களூர் நகரச் சங்கம் அதே ஆண்டு டிசம்பரிலும் வந்தன. பம்பாயில் விட்டல்தாஸ் தாக்கர்சியும் லல்லுபாய் சாமல்தாஸும் முன்னின்று தொடங்கிய பம்பாய் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1906 ஜனவரி 23இல்தான் பதிவாயிற்று.

அதன்பின் இந்த நகரம் வேகம் பிடித்தது. 1906 டிசம்பர் 27இல் ஸ்ரீபாத் சுப்பராவ் தல்மகி, வழக்கறிஞர் ஷாம்ராவ் விட்டல் கைகிணியின் பெயரில் ஒரு கடன் சங்கத்தைத் தொடங்கினார், இன்று எஸ்.வி.சி. வங்கி என்று நாம் அறிவது அதுதான். அதே மனிதர்தான் 1915இல் காம்தேவியில் சாரஸ்வத பிராமணச் சமூகத்தாருக்கான கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தையும் உருவாக்கினார். 1918 செப்டம்பர் 14இல் சரஸ்வத் சங்கம் தொடங்கப்பட்டது. உறுப்பினர் வீட்டுக் கல்யாணம், பழைய கடனை அடைப்பது, வைத்தியச் செலவு ஆகியவற்றுக்குக் கைகொடுப்பதுதான் அதன் நோக்கம். அது வங்கியாக மாறியது 1933இல். உங்கள் தங்கையின் கல்யாணக் கடனும் அந்த வரிசையில் வருவதுதான்.

இவையெல்லாம் ஒரே சமூகத்தார் தமக்குள் நடத்திய சங்கங்கள் என்பதை இன்று சிலர் குறையாகச் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஊர்க்காரன், சாதிக்காரன் என்ற பழக்கமே ஈடாக இருக்கும் இடத்தில், அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவனுக்கு ஜாமீன் கிடைக்காது. தாராவித் தோல் பட்டறைகளில் வேலைசெய்த திருநெல்வேலிக்காரர்களுக்கு எந்தச் சங்கம் கடன் கொடுத்திருக்கும்? ஆனால் வட்டம் சிறியதாக இருந்ததால்தான் ஒருவர் கணக்கை மற்றவர் கண்காணிக்க முடிந்தது என்பதும் உண்மை. ஜாமீன் கொடுத்தவர் அடுத்த ஆண்டு பொதுக்குழுவில் எழுந்து கேள்வி கேட்பார். தணிக்கைக்குப் போகிறபோது என்னைவிட விவரமாகக் கேள்வி கேட்ட பழைய உறுப்பினர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே வழங்கும் மராட்டிச் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பங்கு வாங்கியவர் 'சபாசத்'. பணம் போட்டவர் 'டேவீதார்'. தொடக்கத்தில் இருவரும் ஒரே ஆள். வட்டி ஒரு விழுக்காடு கூடக் கிடைக்கிறதே என்று வெளியிலிருந்து வைப்புத்தொகை வந்து குவியத் தொடங்கியபோது இருவரும் வெவ்வேறு ஆட்களாகிவிட்டார்கள். வங்கியின் பணத்தில் பெரும்பகுதி வாக்கில்லாதவர்களுடையதாயிற்று. வாக்குள்ளவர்களுக்கோ அந்தப் பணத்தின்மீது அக்கறை இல்லை. நான் பார்த்த வரையில் கூட்டுறவு வங்கிகள் கெட்டுப்போனதற்கு முதல் காரணம் இதுதான். மோசடி அதற்குப் பிறகு வருவது.

---

பரேல் மில் வீட்டுப் பிள்ளை:

ஐயா சாரஸ்வதர்களின் கதையைச் சொல்லிவிட்டார். தொழிலாளர்களின் கதை தனி. காலாசௌக்கியில் மில் தொழிலாளர்களை வைத்து 1964இல் தொடங்கிய சங்கம்தான் பிற்பாடு அப்யுதய வங்கியாக வளர்ந்தது. தொழிற்சங்கத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் 1968இல் தொடங்கிய பாம்பே லேபர் கோஆப்பரேட்டிவ் பேங்க் 1977இல் நியூ இந்தியா கூட்டுறவு வங்கி என்று பெயர் மாறியது. இவற்றில் சாதி முக்கியமாக இருக்கவில்லை. ஒரே ஆலையில் ஒரே ஷிப்டில் வேலைசெய்வதே உறவாக இருந்தது.

என் தந்தை சேர்ந்திருந்தது அவற்றைவிடச் சிறிய பத்பேடி, அதாவது கடன் சங்கம். கடன் தவணையை மில் நிர்வாகமே சம்பளத்தில் பிடித்துச் சங்கத்துக்குக் கட்டிவிடும். மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் நடத்திய மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சம்பளம் நின்றது, பிடித்தமும் நின்றது. ஜாமீன்தாரரும் அதே ஆலையில் வேலை இழந்து நிற்கும்போது யார் கதவை யார் தட்டுவது? எல்லோரும் ஒரே படகில் இருப்பது கூட்டுறவின் பலம் என்பார்கள். படகே கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் அப்போது பார்த்தோம். எனவே சிறிய வட்டத்தை ஐயா அளவுக்கு என்னால் போற்ற முடியவில்லை. பெரிய வங்கியோடு சேர்ந்தால் இழப்பைத் தாங்க அகலமான தோள் கிடைக்கும்.

---

செம்பூர் இளையவன்:

அண்ணாச்சி, உங்கள் பாசம் புரிகிறது. ஆனால் இப்போது எண்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சயானில் 1984இல் தொடங்கிய பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி பல மாநிலங்களில் கிளை விரித்து நின்றது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதன்மீது தடை விதித்தபோது, ஒரு கணக்குக்கு எடுக்கக் கூடிய தொகை முதலில் வெறும் 1,000 ரூபாயாக இருந்தது. வங்கி கொடுத்திருந்த கடனில் 70 விழுக்காட்டுக்கும் மேல் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்ததும், அதை மறைக்க 21,000க்கு மேற்பட்ட பொய்க்கணக்குகள் எழுதப்பட்டிருந்ததும் பிறகு வெளிவந்தன. 2022 ஜனவரியில் அது யூனிட்டி சிறுநிதி வங்கியோடு இணைக்கப்பட்டபோதும், பெரிய தொகை வைத்திருந்தவர்கள் முழுப்பணத்தையும் பெறப் பத்து ஆண்டு வரை காத்திருக்கும்படி திட்டம் அமைந்தது. அதைவிட அண்மையில், மில் வீட்டுப் பிள்ளை குறிப்பிட்ட அந்த நியூ இந்தியா வங்கிக்கே 2025 பிப்ரவரியில் தடை வந்தது. ஆகஸ்ட் 4இல் சரஸ்வத் வங்கியோடு அது இணைந்தது. அப்யுதயவின் நிர்வாகக் குழுவையும் 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி நீக்கியது.

வங்கி நன்றாக இருக்கும்போதே நல்ல வங்கியோடு சேர்வதுதான் புத்திசாலித்தனம். தடை விழுந்தபின் சேர்ந்தால் நாம் பேரம் பேசும் நிலையில் இருக்க மாட்டோம். ஓய்வூதியப் பணத்தைப் போட்டுவிட்டு மூடிய ஷட்டருக்கு வெளியே நின்ற முதியவர்களைப் பார்த்தவன் நான். அவர்களிடம் கூட்டுறவின் வரலாற்றைப் பேச எனக்கு வாய் வராது.

---

தொண்ணூறடிச் சாலை இட்லிக்காரம்மா:

தம்பி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பணம் போடுகிறவர் பக்கத்திலிருந்தே எல்லோரும் பேசுகிறீர்கள். கடன் வாங்குகிறவர் பக்கத்திலிருந்து நான் ஒன்று சொல்கிறேன்.

எங்கள் தெருவில் விடியற்காலையில் இட்லி அவித்துப் பாத்திரத்தில் கட்டிச் சைக்கிளில் அனுப்புகிற குடும்பங்கள் பல இருக்கின்றன. காலை பதினொரு மணிக்கு வியாபாரம் முடிந்து கையில் சில்லறை இருக்கும். மாலைக்குள் அது அரிசி, உளுந்து, பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று கரைந்துவிடும். அந்தப் பதினொரு மணிக்கு வங்கியின் வசூல்காரர் வாசலில் வந்து நிற்பார். முதலில் ஐம்பது ரூபாய், பிறகு நூறு ரூபாய். ஓராண்டு அப்படிக் கட்டிய பாஸ்புத்தகத்தைக் காட்டித்தான் பெரிய கிரைண்டர் வாங்கக் கடன் கேட்டேன். மேலாளர் கடைக்கே வந்து, நாங்கள் எத்தனை படி அரைக்கிறோம் என்று அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். எனக்கு வருமான வரிக் கணக்கும் இல்லை, கடை உரிமமும் இல்லை. அவர் பார்த்ததுதான் சான்று.

அதற்கு முன்பு எங்களுக்கு இருந்த வழிகள் இரண்டு. ஒன்று ஏலச்சீட்டு, அவசரம் உள்ளவள் அதிகக் கழிவு விட்டு எடுப்பாள், அவசரமில்லாதவள் லாபம் பார்ப்பாள், சீட்டு நடத்துகிறவர் ஓடிவிட்டால் இருவருக்கும் ஒன்றும் இல்லை. மற்றது தினவட்டி. அதைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும்.

பெரிய வங்கியாகிவிட்டால் அந்த மேலாளர் கடைக்கு வருவாரா என்பதே என் கேள்வி. கடன் முடிவு எங்கோ ஒரு தலைமை அலுவலகத்தில், கணினியில் வரும் மதிப்பெண்ணைப் பார்த்து எடுக்கப்படும். எங்களிடம் அந்த மதிப்பெண்ணே கிடையாது. பாதுகாப்பு வேண்டும் என்பவர்களுக்கு எத்தனையோ அரசு வங்கிகள் இருக்கின்றன. எங்களுக்கு இது ஒன்றுதான் இருந்தது.

---

முலுண்டு தணிக்கையர் (ஓய்வு):

அம்மா சொன்ன மேலாளரைப் போன்றவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் தினவசூல் முறை வங்கித் தொழிலுக்கு வந்த கதையே சுவையானது. உடுப்பியில் சிண்டிகேட் வங்கி 1928இல் நாளொன்றுக்கு இரண்டணா வீதம் வீடு தேடிப்போய் வாங்கியதுதான் 'பிக்மி' சேமிப்பு. அந்தப் பெயர் மேற்குக் கரையெங்கும் பரவி, இன்றும் பல பத்பேடிகளில் வழங்குகிறது.

காப்பீட்டைப் பற்றிப் பலருக்குத் தெளிவில்லை. வைப்புக் காப்பீட்டில் ஒரு நபருக்கு ஒரு வங்கியில் உள்ள எல்லாக் கிளைகளையும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம் ரூபாய் வரைதான் பாதுகாப்பு. 1993இலிருந்து 1 லட்சமாக இருந்த வரம்பு 2020 பிப்ரவரி 4இல்தான் உயர்த்தப்பட்டது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வங்கி தடையில் இருக்கும்போதே 90 நாட்களுக்குள் அந்தத் தொகையைக் கொடுக்க வழி செய்யப்பட்டிருக்கிறது. இதெல்லாம் உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கிகளுக்கு மட்டும்தான். பத்பேடி என்று நாம் சொல்லும் கடன் சங்கங்களுக்கு இந்தக் காப்பீடு கிடையவே கிடையாது. பெயர்ப்பலகையில் 'வங்கி' என்று இருக்கிறதா, 'சங்கம்' என்று இருக்கிறதா என்பதை இன்றே போய்ப் பாருங்கள்.

இரட்டைக் கட்டுப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 1966 மார்ச் 1 முதல் கூட்டுறவு வங்கிகளின் வங்கித் தொழில் ரிசர்வ் வங்கியின் பார்வைக்கு வந்தது; தேர்தலும் நிர்வாகமும் புனேயில் உள்ள கூட்டுறவுப் பதிவாளரிடம் இருந்தன, பல மாநிலங்களில் இயங்கும் வங்கிகளுக்கு டெல்லியில். எது கெட்டாலும் அது மற்றவரின் பொறுப்பு என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. 1993க்குப் பிறகு உரிமங்களைத் தாராளமாகக் கொடுத்தார்கள். புதிதாக வந்த வங்கிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று சிறிது காலத்திலேயே நலிந்தது. 2004இல் உரிமம் கொடுப்பதை நிறுத்தினார்கள். அப்போது 1,926 ஆக இருந்த நகரக் கூட்டுறவு வங்கிகள் 2024 மார்ச்சில் 1,472 ஆகக் குறைந்திருந்தன. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம்தான் ரிசர்வ் வங்கிக்கு நிர்வாகக் குழுவின்மீது வலுவான அதிகாரத்தைக் கொடுத்தது. என் கருத்தில் அது இருபது ஆண்டு தாமதமாக வந்தது.

இனி, அண்ணாச்சி, உங்கள் வாக்கு. யார் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே கூட்டுறவின் பொதுவிதி. ஆனால் இணைப்புத் தீர்மானத்துக்கு, கூட்டத்துக்கு வந்தவர்களின் பங்குகளின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் கேட்கிறது. அதாவது பெரிய கடன் வாங்கி, அதற்கேற்பப் பங்கும் அதிகம் வாங்கியவர்களின் எடை அங்கே கூடும். எதிர்த்து வாக்களித்தவர்கள் தங்கள் பங்குக்கு ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் மதிப்பைக் கேட்டுப் பெறலாம்.

இதைவிட முக்கியமானது காப்பு நிதி. மகாராஷ்டிரச் சட்டப்படி ஒவ்வோர் ஆண்டும் நிகர லாபத்தில் குறைந்தது நான்கில் ஒரு பங்கை அதில் போட்டுவைக்க வேண்டும். ஈவுத்தொகையை 15 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. கூட்டுறவுப் பங்கின் விலை பங்குச்சந்தைப் பங்கைப் போல ஏறுவதில்லை. விலகும்போது முகமதிப்புதான் கைக்கு வரும். நாற்பது ஆண்டுகளாக நீங்களும் அம்மாவைப் போன்றவர்களும் கட்டிய வட்டியில் சேர்ந்த அந்த நிதியும், வங்கிக்குச் சொந்தமான கட்டடம் இருந்தால் அதுவும், இணைப்பின் வழியாகப் பெரிய வங்கிக்குப் போகும். பதிலுக்கு என்ன வருகிறது என்று கேளுங்கள்.

---

லேபர் கேம்ப் அண்ணாச்சி:

வங்கிக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது, ஐயா. சாலையைப் பார்த்த இரண்டு மாடி. தாராவியை ஒட்டிய பகுதியில் இன்று அதன் விலை என்ன என்று நினைத்தால் தலைசுற்றுகிறது. கடிதத்தோடு வந்த அறிக்கையில் அது வாங்கிய விலைக்கே எழுதப்பட்டிருக்கிறது. இதை நான் இதுவரை கவனிக்கவே இல்லை.

செம்பூர்த் தம்பியின் வாதத்தையும் ஏற்கிறேன். என் ஓய்வுப் பணம் 5 லட்சத்தைத் தாண்டி அங்கே இருக்கிறது; மனைவியோடு பேசி மிச்சத்தை வேறிடத்துக்கு மாற்றப்போகிறேன். அது வேறு, வாக்கு வேறு.

கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுக்கக் கேள்விகளைத் தயார்செய்திருக்கிறேன். கட்டடத்தின் இன்றைய மதிப்பை யார் மதிப்பிட்டார்கள்? முதல் இருபது பெரிய கடன்தாரர்களுக்குப் போன தொகை மொத்தக் கடனில் எத்தனை விழுக்காடு? இணைப்புக்குப் பிறகு நம் கிளையின் மேலாளர் தன் பொறுப்பில் எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம்? கடைசிக் கேள்வி இட்லிக்காரம்மாவுடையது. பதில்கள் சரியாக இருந்தால் ஆதரிப்பேன், மழுப்பினால் எதிர்ப்பேன். அம்மா, நீங்களும் உங்கள் தெருவிலிருந்து பத்துப் பேரை அழைத்துக்கொண்டு வாருங்கள். கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, வங்கிப் பலகைக்குக் கீழே ஒன்பது மணிக்கு நிற்கிறேன்.

---

தொண்ணூறடிச் சாலை இட்லிக்காரம்மா:

வருகிறேன் அண்ணாச்சி. ஆனால் எங்கள் தெருவில் யாருக்கும் அந்தக் கடிதம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. உங்கள் பதிவைப் பார்த்துத்தான் சங்கதியே தெரியும். பழைய கடன் தாள்களை எடுத்துப் பார்த்தேன். பங்குச் சான்று எதுவும் இல்லை. நூறு ரூபாய்க்கு ஒரு ரசீது இருக்கிறது, அதில் 'நாமமாத்ர சபாசத்' என்று மராட்டியில் எழுதியிருக்கிறது. ஐயா, அதற்கு என்ன பொருள்?

---

முலுண்டு தணிக்கையர் (ஓய்வு):

பெயரளவு உறுப்பினர் என்று பொருள், அம்மா. கடன் கொடுப்பதற்காக மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். வாக்கு கிடையாது, ஈவுத்தொகை கிடையாது, பொதுக்குழுவுக்கு அழைப்பும் வராது. முழு உறுப்பினராக வேண்டுமானால் விண்ணப்பம் எழுதிப் பங்குத்தொகை கட்ட வேண்டும். நிர்வாகக் குழு ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கூட்டத்துக்குள் அது நடக்க வாய்ப்பில்லை.

---

தொண்ணூறடிச் சாலை இட்லிக்காரம்மா:

பதினெட்டு வருடமாக அதை என் வங்கி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாளைக்கு விண்ணப்பம் வாங்கப் போகிறேன், ஐயா. ஞாயிற்றுக்கிழமை பலகைக்குக் கீழே வந்து நிற்பதற்கு வாக்கு தேவையில்லை அல்லவா?